அமிர்தசரஸும் நம் மலைநாடும்

எமது கல்லூரி அன்னையின் பொன்விழா மலருக்கு யாதேனும் எழுதித் தருக என மலர்க்குழுவினர் பணித்தபோது, என் மனத்தில் நெடுநாளாகக் கிடந்த கருத்தொன்றை வெளியிடுதற்கு இதுவே தக்க தருணமெனக் கருதினேன். விழா ஆண்டின் நினைவாக உயர்வகுப்பு மாணவரையும் பழைய மாணவர் சிலரையும் வட இந்தியாவுக்கு யாத்திரையாக அழைத்துச் செல்லவேண்டும் என்று சங்கக் கூட்டத்தில் யோசனையொன்று எழுந்தது. காசியும் கயையும் அயோத்தியும் பட்டியலில் இடம்பெற்றன. பஞ்சாபையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன் யான். “சைவப் பிள்ளைகளுக்குச் சீக்கியர் கோயில்களில் என்ன அலுவல்?” என்று அன்பர் ஒருவர் வினவினார். நகைச்சுவையாக வினவினாராயினும் வினா நியாயமானதே. அன்று என்னால் நிறைவான விடை கூற இயலவில்லை. இக்கட்டுரையை அவ்வன்பருக்குரிய விடையாக ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகின்றேன்.

சுருங்கக் கூறின் என் கருத்து இதுதான். சீக்கியரின் தலங்களை நம் மாணவர் காணவேண்டும். ஆனால் பொன்னையும் பளிங்கையும் கண்டு வியப்பதற்காக அன்று. துன்புற்ற ஒரு சமுதாயம் தன் நினைவை எவ்வாறு காத்து வைத்திருக்கின்றது என்பதை அறிவதற்காக. அறிந்தபின் இம்மலைகளுக்குத் திரும்பி, நாம் செய்யாது விட்டவற்றைச் செய்வதற்காக.

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் நால்வருடன் யான் அவ்வழி சென்றுவந்தேன். டில்லியில் செங்கோட்டையைக் கண்டபின், அதன் எதிரே செல்லும் சாந்தினி சவுக்கு வீதியில் சீஸ் கஞ்சு என்னும் குருத்துவாராவை அடைந்தோம். சீக்கியரின் ஒன்பதாம் குருவாகிய தேக்பகதூர், ஒளரங்கசீப்பின் ஆட்சியில் 1675ஆம் ஆண்டு தலை துண்டிக்கப்பட்டு உயிர்நீத்த இடம் அது. சந்தை இரைச்சலுக்கு நடுவே, கொலைக்களமாயிருந்த நிலமே வழிபாட்டு நிலமாக நிற்கின்றது. பேரரசன் கட்டிய கோட்டையைக் காண்போர் கட்டணம் செலுத்தி உட்சென்று படமெடுத்துத் திரும்புகின்றனர். சீஸ் கஞ்சுக்கு வருவோரோ காலணி கழற்றி, கை கால் கழுவி, தலையை மறைத்து, நிலத்தில் நெற்றி பதித்து வணங்குகின்றனர். கோட்டை காட்சிப்பொருளாயிற்று, கொல்லப்பட்டவர் இன்னும் வாழ்கின்றார்.

அங்கிருந்து பஞ்சாபுக்குச் சென்றோம். சிர்ஹிந்து நகரருகே பத்தேகர் சாகிபு என்னும் தலம் உளது. பத்தாம் குருவாகிய கோவிந்தசிங்கின் இளைய மைந்தர் இருவர், மதம் மாற மறுத்தமையால் சுவருக்குள் உயிருடன் வைத்துக் கட்டப்பட்ட இடம் என்பது சீக்கியர் மரபு. ஆண்டுதோறும் டிசம்பர் இறுதியில் மக்கள் அங்குத் திரள்கின்றனர். ஆனந்தபூர் சாகிபில் 1699ஆம் ஆண்டு வைசாகி நாளன்று கால்சா அமைப்பை அக்குரு நிறுவினார். கோயிந்தவாலில் 84 படிகள் கொண்ட படிக்கிணறு இருக்கின்றது. இவையனைத்தும் கண்டு களிக்கத்தக்கனவே. எனினும் நாள் குறைவாயின், அமிர்தசரஸ் ஒன்றே போதும் என்பேன்.

பொற்கோயில் என நாம் வழங்கும் ஹரிமந்திர் சாகிபு குளத்தின் நடுவே அமைந்துளது. நம் ஆலயங்களுக்கு ஏறிச் செல்வோம். அங்கோ படிகளில் இறங்கிச் செல்லவேண்டும். பணிவு கற்பிக்கும் அமைப்பு என்பர். நாற்றிசையோரும் வருக என்பதற்கு அடையாளமாக நான்கு புறமும் வாயில்கள் உள்ளன. ஐந்தாம் குருவாகிய அர்ஜுன் தொகுத்த திருநூல் 1604ஆம் ஆண்டு அங்கு எழுந்தருளப் பெற்றது. 1762இல் ஆப்கானியரான அகமது ஷா அப்தாலி அக்கோயிலை வெடிவைத்துத் தகர்த்தான். சீக்கியர் மீண்டும் கட்டினர். பின்னர் மகாராஜா ரஞ்சித்சிங்கின் காலத்தில் பொன் முலாமிட்ட செப்புத் தகடுகள் வேயப்பட்டன. 1984 ஜூன் மாதத்து இராணுவ நடவடிக்கையில், கோயிலெதிரே நிற்கும் அகால் தக்து பெருஞ் சேதமுற்றது. அரசாங்கம் அதனை விரைந்து செப்பனிட்டுக் கொடுத்தது. சீக்கியரோ அதனை ஏற்காது இடித்துவிட்டுத் தம் கைகளாலேயே மீளக் கட்டினர். மண் சுமந்தும் குளத்தைத் தூர்வாரியும் செய்யும் அத்திருப்பணியைக் கார் சேவை என்பர். செல்வரும் வறியரும் வரிசையில் நின்று கூடை மாற்றுவர். சிரமதானம் நமக்கும் புதிதன்று. ஆதலின் அதனை விளங்கிக்கொள்வதில் நமக்குச் சிரமமில்லை.

நாள்தோறும் பல்லாயிரவர்க்கு அங்கு உணவு அளிக்கப்படுகின்றது. லங்கர் எனப்படும் அவ்வுணவுச்சாலையில் சாதி, சமயம், செல்வம் என்னும் வேறுபாடின்றி யாவரும் ஒரே வரிசையில் தரையில் அமரவேண்டும். எங்களுக்குப் பக்கத்தில் ஒருபுறம் உயர் உத்தியோகத்தர் போன்ற ஒருவரும், மறுபுறம் சுமை தூக்கும் முதியவர் ஒருவரும் அமர்ந்திருந்தனர். மூவர் தட்டிலும் ஒரே ரொட்டி, ஒரே பருப்பு. குரு நானக் இலங்கைக்கும் வந்தார் என்று சீக்கியரின் மரபுக்கதைகள் கூறும். அவர் வகுத்த இப்பந்தி முறையேனும் நம் தோட்டங்களுக்கு அன்றே வந்திருக்கலாகாதா என்று எண்ணினேன். ஒரே துயரத்தைச் சுமந்து கடல் கடந்து வந்த நாம், லயத்துக்கு லயம் சாதி பார்த்த காலத்தை மறந்துவிடவில்லை. அது முற்றாக மறைந்துவிட்டது என்று இன்றும் நெஞ்சில் கைவைத்துக் கூறல் அரிது.

கோயிலிலிருந்து சில நிமிட நடைதூரத்தில் ஜாலியன்வாலா பாக் உளது. 1919 ஏப்ரல் 13ஆம் நாள், வைசாகித் திருநாளன்று, அங்குக் கூடியிருந்த மக்கள்மீது டயர் என்னும் ஆங்கிலேயத் தளபதியின் ஆணைப்படி சுட்டனர். மாண்டோர் 379 பேர் என்றது அரசாங்கம்; ஏறத்தாழ 1000 பேர் என்றது காங்கிரஸ் விசாரணை. 1961இல் அங்கு நினைவுத்தூண் திறந்துவைக்கப்பட்டது. ஆயினும் மனத்தைத் தைப்பது தூண் அன்று. சுவரில் அப்படியே விடப்பட்டிருக்கும் குண்டுத் தழும்புகளே. சுவரைப் பூசி மறைத்துவிடுதல் எளிது. அவர்கள் பூசவில்லை. 2021இல் அத்திடல் புதுப்பிக்கப்பட்டபோது நுழைவழியின் பழந்தோற்றம் மாறிவிட்டது என வரலாற்றாளர் பலர் வருந்தினர். அழகுபடுத்துதலும் ஒருவகை அழித்தலாகலாம் என்பதற்கு அது சான்று.

அத்தழும்புகளின் முன் நின்றபோது என்னோடு வந்த நண்பர், “நம் நாட்டில் தோட்டத்தொழிலாளி ஒருவன் சுடப்பட்ட இடம் உமக்குத் தெரியுமா?” என்று கேட்டார். முல்லோயா கோவிந்தன் என்று பெயரைச் சொன்னேன். “அவ்விடத்தை நீர் கண்டிருக்கின்றீரா?” என்றார். இல்லை. ஆயிரக்கணக்கான மைல் கடந்து பஞ்சாபியரின் இரத்தம் தோய்ந்த மண்ணைத் தொட்டு வணங்கிய யான், என் வீட்டிலிருந்து ஒரே நாளில் சென்று மீளக்கூடிய ஹேவாஹெட்டைப் பகுதிக்கு அதன்பொருட்டுச் சென்றதில்லை. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

நண்பர்களே, அந்த ஹேவாஹெட்டைப் பகுதியையே முதற்கண் எடுத்துக்கொள்வோம். அங்குதான் லூல்கந்துரத் தோட்டம் இருக்கின்றது. ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொத்லாந்தியர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டு, இந்நாட்டின் தேயிலைத் தொழிலுக்கு அடிகோலிய இடம் அது. அவர் அமர்ந்து மலைகளை நோக்கிய கல்லாசனத்தை இன்றும் சுற்றுலாப் பயணிகள் தேடிச் சென்று காண்கின்றனர். காணட்டும், டெய்லர் உழைப்பாளி, அவரை மதித்தல் தகும். அதே ஹேவாஹெட்டையில்தான் முல்லோயாத் தோட்டமும் உளது. சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த தொழிலாளருள் ஒருவனாகிய கோவிந்தன் 1940 ஜனவரி 10ஆம் நாள் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானான். அது குறித்து விசாரணைக்குழு அமைக்கப்பட்டது. அவன் மனைவிக்காகக் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். சென்ற ஆண்டு மாணவர் சிலரிடம் இவ்விரு பெயர்களையும் கூறி வினவினேன். டெய்லரை அனைவரும் அறிந்திருந்தனர். கோவிந்தனை அறிந்தவன் ஒருவனே. அவனும் தன் பாட்டனார் வாயிலாக அறிந்தவன். பிழை மாணவரது அன்று. அவர்களுக்குச் சொல்லாது விட்ட எங்கள் தலைமுறையினது.

இன்னுமொன்று காண்மின். டிக்கோயாவில் நீர்த்தேக்கத்தை நோக்கி அமைந்த வார்லி தேவாலயம் 19ஆம் நூற்றாண்டில் எழுந்தது. அதன் முற்றத்தில் தோட்டத்துரைமார் பலர் துயில்கின்றனர். பெயர், பிறந்த ஊர், இறந்த நாள் யாவும் கல்லில் உள. அவ்வமைதியான இடத்தில் நின்று யானும் அவர்களுக்காக மனம் இரங்கியதுண்டு. இளவயதில் அந்நிய மண்ணில் மாண்டவரும் அவருள் உளர். ஆனால் அத்துரைமாரின் கீழ் உழைத்து மாண்ட என் பாட்டனாரின் கல்லறை எங்கே? அவரைப் புதைத்த இடத்தில் பின்னர் தேயிலை நாட்டப்பட்டது. எந்த நிரை என்று காட்ட என் தந்தையார் இருந்தவரை கூடியதாயிருந்தது, இன்று இயலாது. இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருள் பலருக்கு இதே கதை இருக்குமென நம்புகின்றேன்.

காணத்தக்கவை நம்மிடம் இல்லை என்று எவரும் எண்ணற்க. நுவரெலியாவிலிருந்து பதுளை செல்லும் வீதியில், ஹக்கலைப் பூங்காவை அணுகும் முன் சீதா எலியவில் ஓடைக்கரையில் சீதையம்மன் ஆலயம் எழில்பெற நிற்கின்றது. 2024 மே மாதம் அங்குக் கும்பாபிஷேகம் நிகழ்ந்தது. ஓடைப்பாறையிலுள்ள குழிகளை அனுமனின் அடிச்சுவடுகளென அடியார் போற்றுவர். றம்பொடையில் சின்மயா மிஷன் அமைத்த அனுமன் ஆலயம் உளது. இந்தியாவிலிருந்து இராமாயண யாத்திரையாக வருவோர் இவ்விரண்டையும் தவறாது தரிசிக்கின்றனர். ஆனால் அவர்களது வண்டி கடந்து செல்லும் தேயிலை மலைகளில் வாழ்வோர் யாவர், அவர் எவ்வாறு இங்கு வந்தனர் என்று அவர்கட்கு எடுத்துரைப்பார் அரியர். எடுத்துரைக்கவேண்டியவர் நாமே அல்லரோ?

சிவனொளிபாதமலை 2243 மீற்றர் உயரமுடையது. டிசம்பர்ப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரை நல்லதண்ணி வழியாக மக்கள் இரவிரவாக ஏறுகின்றனர். பௌத்தர், சைவர், இஸ்லாமியர், கிறிஸ்தவர் ஆகிய நாற்சமயத்தவரும் தத்தம் மரபுப்படி அச்சுவட்டைப் போற்றுகின்றனர். 14ஆம் நூற்றாண்டில் மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இபுன் பதூதாவும் ஏறினார். பொற்கோயிலின் நான்கு வாயில்களை வியக்கும் நாம், ஒரே உச்சியில் நாற்சமயத்தார் கூடும் இம்மலையின் அடியில் பிறந்தும் அதன் பெருமையை உணராதிருத்தல் முறையோ? மூச்சுவாங்கி ஏறும் சிங்கள மூதாட்டிக்குத் தமிழ்ச் சிறுவன் கைகொடுப்பதை அங்கு யான் கண்டிருக்கின்றேன். அதனினும் சிறந்த பாடம் எவ்வகுப்பிலும் இல்லை.

மாத்தளை முத்துமாரியம்மன் ஆலயத்தைக் கூறாது விடலாகாது. மன்னார்க் கரையிலிறங்கி, காடும் கொடுவிலங்கும் கொள்ளைநோயும் கடந்து நடந்துவந்த நம் முன்னோர் மலைநாட்டின் வாயிலாக அடைந்த ஊர் மாத்தளை. வழியில் மாண்டோர் எண்ணிறந்தோர். மாசிமக விழாவில் அன்னையின் பஞ்சரதங்கள் வீதிவலம் வரும்போது இதனை நினைப்பவர் எத்துணைப் பேர்? 1983 வன்செயலில் அவ்வாலயம் சேதமுற்றது. அடியார் அதனை மீண்டும் பொலிவுறச் செய்தனர். ஹரிமந்திரைக் கட்டியெழுப்பிய ஊக்கம் நமக்கும் உண்டு என்பதற்கு அது சான்று. மலையகம் 200 என்னும் நினைவாண்டாகிய 2023இல், ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம்மவர் பலர் அப்பழைய வழியிலேயே நடந்து வந்தனர். நம் காலத்தில் நிகழ்ந்த உண்மையான யாத்திரை என அதனையே சொல்வேன்.

அட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையே புகையிரதம் நுழையும் சிங்கமலைச் சுரங்கம் நம் முன்னோர் பாறை குடைந்த உழைப்பைச் சொல்லும். 1885இல் நானுஓயாவை எட்டிய அவ்விருப்புப்பாதையால் தேயிலை கொழும்பு சென்றது. கோதண்டராம நடேசய்யர் 1931இல் தொழிலாளர் சம்மேளனம் கண்டு, 1936இல் அரசாங்க சபைக்கு அட்டன் தொகுதியின் பிரதிநிதியானார். அவர்தம் மனைவியார் மீனாட்சியம்மை பாட்டிசைத்துத் தொழிலாளரைத் தட்டியெழுப்பினார். வட்டகொடை மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை நம் மக்களின் வாழ்வை எழுத்திலும் அவர்தம் நாட்டுப்பாடலைத் தொகுப்பிலும் நிலைநிறுத்தினார். டெவன் தோட்டத்தில் 1977 மே மாதம் காணிப் பறிப்பை எதிர்த்த கூட்டத்தில் சிவனு லெட்சுமணன் சுடப்பட்டு மாண்டான். இவ்விடங்களெல்லாம் நம் பேருந்து நிற்காது கடந்து செல்லும் இடங்கள்.

இனி, எதிர்வாதங்களைக் கேட்போம். “லயமும் வறுமையும் நம் இழிவு, அவற்றைப் பிள்ளைகளுக்கு ஏன் காட்டவேண்டும்? மறந்து முன்னேறட்டும்” என்பார் உளர். அவ்வெண்ணத்தில் அன்பு இருக்கின்றது, அறிவு இல்லை. சீக்கியர் தம் நாள்வழிபாட்டு வேண்டுதலிலேயே உயிரீந்தோரை நினைந்து போற்றுகின்றனர். அதனால் அவர் பின்தங்கிப் போகவில்லை. உலகெங்கும் தலைநிமிர்ந்து வாழ்கின்றனர். இழிவு சுமத்தியவர்க்கே; சுமந்தவர்க்கு அன்று. 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் நம் மூத்தோர் குடியுரிமை இழந்தனர். 1964இன் உடன்படிக்கையால் 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டனர். 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை நாடற்றோர் நம்மிடையே இருந்தனர். இவ்வரலாற்றை அறியாத பிள்ளை, தன் பாட்டனாரின் வறுமைக்குப் பாட்டனாரே காரணமென எண்ணிவிடுவான். அதுவே பெரிய இழப்பு.

“சீக்கியருக்குச் செல்வமும் நிறுவனமும் உண்டு, நமக்கு யாதுளது?” என்பது மற்றொரு வாதம். ஜாலியன்வாலா பாக் சுவரில் தழும்பை விட்டுவைக்கச் செல்வம் வேண்டியிருக்கவில்லை, கருத்தே வேண்டியிருந்தது. கந்தப்பளையருகே ஹெதர்செற் தோட்டத்தின் பழைய தொழிற்சாலை விடுதியாக மாற்றப்பட்டபோது அதன் இயந்திரங்களை அழியாது காத்துக் காட்சிக்கு வைத்தனர். கண்டி ஹந்தானையில் பழைய தொழிற்சாலையொன்று தேயிலை அரும்பொருளகமாயிற்று. இயந்திரத்தைக் காப்பதற்கு மனம் உண்டெனில், அதனை இயக்கிய கையின் நினைவைக் காப்பதற்கும் மனம் உண்டாகலாம். காலமோ நமக்காகக் காத்திராது. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலைச்சரிவு லயங்களை ஒரு காலைப்பொழுதில் விழுங்கியது. ஏட்டிலேறாத நினைவு அவ்வாறே ஒருநாளில் மறையும்.

ஆதலின் மூன்று வேண்டுகோள்களைச் சங்கத்தார் முன் வைக்கின்றேன். முதலாவது, வட இந்திய யாத்திரை நிகழட்டும். அமிர்தசரஸும் அதில் சேரட்டும். ஆனால் அதற்குச் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் அதற்கு முன் இரண்டு நாள் நம் மலைநாட்டைச் சுற்றிவரவேண்டும்; மாத்தளை, லூல்கந்துர, முல்லோயா, டிக்கோயா, மடக்கும்புரம் ஆகிய ஐந்தும் அதில் இடம்பெறவேண்டும். இரண்டாவது, தோட்டத்தில் பிறந்த பழைய மாணவர் ஒவ்வொருவரும் தம் தோட்டத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்பவேண்டும். மக்கள் அத்தோட்டத்துக்கு வழங்கும் தமிழ்ப்பெயர், அங்குள்ள மாரியம்மன் ஆலயத்தின் வரலாறு, காமன் கூத்து ஆடிய பெரியோர், இடுகாடு இருந்த திசை ஆகியவற்றை எழுதினாற் போதும். அச்செலவைச் சங்கம் ஏற்கட்டும். மூன்றாவது, ஜனவரி 10ஆம் நாளை அடுத்த கல்லூரிக் காலைக்கூட்டத்தில் இரண்டு நிமிடம் ஒதுக்கி, கோவிந்தன் முதலாக நாம் அறிந்த பெயர்களை ஒரு மாணவன் எழுந்து வாசிக்கட்டும்.

இவற்றுக்குப் பொன் வேயவேண்டுவதில்லை; பளிங்கு பதிக்கவேண்டுவதில்லை. கூடை மாற்றும் கைகளே வேண்டும். வினாவெழுப்பிய அன்பர்க்கு இறுதியாக ஒன்று கூறுவேன்: சைவப் பிள்ளைகள் சீக்கியர் கோயிலுக்குச் சென்று தம் சமயத்தை மாற்றிக்கொண்டு வரப்போவதில்லை, தம் பாட்டனாரை மீட்டுக்கொண்டு வரக்கூடும். கல்லூரி அன்னையின் அடுத்த விழா மலரை எழுதுவோர், இவ்வேண்டுகோள்களில் ஒன்றேனும் நிறைவேறியது என்று எழுதுவாராக.

வாழ்க கல்லூரி அன்னை! வாழ்க மலைநாட்டு மக்கள்!